ஊதத் தெரியாத குளியாள்

மூன்றாவது தடவையாக வயிற்றில் அந்தப் பளிங்குக்கல் கோலம் விழுந்தபோது ஷாத்லிக்கு வலிக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. நீலமும் சிவப்புமாக, யாரோ உள்ளேயிருந்து மையைக் கொட்டிவிட்டதுபோல, தொப்புளைச் சுற்றிப் படர்ந்துகொண்டிருந்தது. ரப்பர் உடுப்பை இடுப்புவரை உரித்துப் போட்டு, படகின் பின்பலகையில் உட்கார்ந்து, ஆக்ஸிஜன் முகமூடியை மூக்கில் அழுத்திக்கொண்டு அவன் கரையைப் பார்த்தான். துனீசியாவின் வடகரையில் உள்ள தபர்க்காவின் தீவுக்கோட்டை ஒன்றுக்கு இரண்டாகத் தெரிந்தது. அந்தச் சின்ன ஊருக்கு ஒரு கோட்டையே அதிகம். இடது கை இரவல் வாங்கிய கைபோலச் சொன்ன பேச்சைக் கேட்காமல் தொங்கியது.

"தங்கல் எல்லாம் முடிச்சியா?" என்று கேட்டார் ரைஸ் தையிப். ரைஸ் என்றால் படகுத் தலைவர். படகு அவருடையது. அதிலிருந்து கடலில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்பதும் அவருடையது.

"முடிச்சேன், ரைஸ்."

"ஒன்பது மீட்டர்ல?"

"பதினெட்டு நிமிஷம்."

"ஆறுல?"

"முப்பத்தியொண்ணு. மூணுல நாப்பது. போதுமா? இல்ல, அங்க வந்த மீனுங்க பேரையும் சொல்லணுமா?"

ரைஸ் சிரிக்கவில்லை.

பவளம் அந்தக் கடலில் எழுபது மீட்டர் ஆழத்தில், பாறையின் அடிவயிற்றில், இருட்டில் வளர்கிறது. அங்கே ஒரு குளியாளுக்குக் கிடைப்பது கால்மணி நேரம். கையிலுள்ள சிறு கோடரியால் கொத்திப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் கயிற்றைப் பிடித்துத் தொங்கவேண்டும், ஒன்பதில் கொஞ்சம், ஆறில் கொஞ்சம், மூன்றில் இன்னும் கொஞ்சம். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த காற்று மெல்ல மெல்ல வெளியேறுவதற்காக இந்தத் தங்கல்கள். அவசரப்பட்டு ஏறினால் மூடியைத் திறந்த சோடா பாட்டில்போல உள்ளே குமிழி கிளம்பும். ஆகவே அந்தக் கரையில் ஒரு சட்டம் உண்டு. இப்படிக் குமிழி கிளம்பிக் கோலம் விழ, கடல் அடித்தது என்றால், அடிவாங்கியவன் அவசரக்காரன். இதற்கு விசாரணை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

"கையில கட்டியிருக்கிற கம்ப்யூட்டரைப் பாருங்க, ரைஸ்," என்றான் ஷாத்லி. "ஒவ்வொரு நிமிஷமும் அதுல பதிஞ்சிருக்கும்."

பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த லம்ஜெத் வாயைத் திறந்தான். அவனும் குளியாள்தான், ஷாத்லியைவிடப் பத்து வயது சின்னவன், நாக்கு மட்டும் பத்து வயது மூத்தது.

"கம்ப்யூட்டர் ஒன்பது மீட்டர்ல ஒழுங்காத்தான் தொங்கியிருக்கும், அண்ணே. அதைக் குத்தம் சொல்ல முடியாது. நீ எங்க தொங்கினேங்கிறதுதான் கேள்வி."

படகில் எல்லோரும் சிரித்தார்கள். ஏனென்றால் எல்லோருக்கும் அந்த வித்தை தெரியும். ஒன்பது மீட்டரில் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். மூன்று மீட்டரில் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்யூட்டரைக் கழற்றிக் கீழே கயிற்றில் கட்டிவிட்டு, ஆள்மட்டும் மேலே ஏறி வெயில்படும் தண்ணீரில் சுகமாகத் தொங்குவான். மேலே இருப்பவர்களுக்குக் குமிழிகள்தான் தெரியும், அவை எந்த ஆழத்திலிருந்து வருகின்றன என்பது தெரியாது. பிறகு கம்ப்யூட்டரை மேலே இழுத்துக் கட்டிக்கொண்டால் அது உத்தமனைப்போல அவனுக்காகச் சாட்சி சொல்லும். இந்த வித்தையைச் செய்யாத குளியாள் அந்தத் துறைமுகத்தில் ஒருவன்தான். அவன் பெயர் ஷாத்லி. அதை நம்புகிறவனும் ஒருவன்தான்.

ரைஸ் படகைக் கிளப்பிவிட்டு, சுக்கானைப் பிடித்தபடி தீர்ப்பைச் சொன்னார். "மூணு தடவை ஆச்சு. உடம்புல கோளாறுன்னா டாக்டர்கிட்ட காகிதம் வாங்கிட்டு வா. கோளாறு இல்லேன்னா நீ என்கிட்ட நேரம் திருடறே. திருடனை ஏத்திட்டுப் போய்க் கடல்ல சாகவிட்டுட்டு நான் கோர்ட்டு ஏற முடியாது."

ஷாத்லிக்கு அப்போதே கணக்கு புரிந்துவிட்டது. கோளாறு இருந்தால் அவன் யோக்கியன், ஆனால் கடலுக்குப் போகமுடியாது. கோளாறு இல்லாவிட்டால் கடலுக்குப் போகலாம், ஆனால் திருடன். வாரச்சந்தையில் துணி விற்றவரின் மகன் அவன். எந்தப் பக்கம் மடித்தாலும் கிழிசல் வெளியே தெரிகிற துணியை அவன் முதன்முறையாகப் பார்த்தான்.

*

பிஸெர்ட்டில் ஒரு அழுத்த அறை இருக்கிறது. எண்ணெய்ப் பீப்பாய்க்குக் கதவு வைத்தது போன்ற ஓர் இரும்புச் சாமான். அதற்குள் ஆறு மணி நேரம் படுக்கவைத்து, மறுபடி கடலடியின் அழுத்தத்துக்குக் கொண்டுபோய், மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார்கள். கோலம் மறைந்தது. கோட்டை ஒன்றானது. கை வீடு திரும்பியது. அறையைக் கவனித்துக்கொண்டிருந்த டாக்டர் மஹ்ரெஸ், கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற கிழவர், வெளியே வந்தவனிடம் சொன்னார்: "உன் கம்ப்யூட்டர் சொல்றது உண்மைன்னா, இது நடந்திருக்கக்கூடாது."

"உண்மைதான், டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. போய் நாலு டாக்டரைப் பாரு."

நாலு டாக்டர்களைப் பார்ப்பது என்பது நாலு கடை ஏறுவது. ஒவ்வொரு கடைக்காரனும் தன் கடையில் இருப்பதைத்தான் விற்பான். காது டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, தலைசுற்றல் என்றால் காதுதான் என்றார். தோல் டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, ரப்பர் உடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு களிம்பு எழுதினார். நரம்பு டாக்டர் முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் எகிறிய வேகத்தைப் பார்த்து, கவலையாக இருக்கிறீர்களா, தூக்கம் வருகிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள் நஸீஹா. அவனுடைய மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. ஆண்டு முழுக்க பிள்ளைகளின் பொய்ச் சான்றிதழ்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு எந்தக் காகிதத்திலும் மரியாதை போய்விட்டது.

"வீட்டுல பிரச்சினை இல்ல, எனக்குப் படகுலதான் பிரச்சினைன்னேன்."

"நாளைக்கு வீட்டுலயும் வரும். மூணு வாரமா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு நான் வெங்காயம் நறுக்கறதுக்கு யோசனை சொல்றே. கடலுக்குப் போகலேன்னா செத்தா போயிருவே?"

"நான் சாக மாட்டேன். என்னை வெச்சுச் சமாளிக்கிறதுல நீ செத்துருவே."

"அதுவும் சரிதான்," என்றாள் அவள்.

கடைசியில் மஹ்ரெஸ் டாக்டரே தொலைபேசியில் அழைத்து, இதயத்துக்குக் குமிழிச் சோதனை செய்துபார் என்றார். அதற்கு துனிஸில் ஒரு மருத்துவமனை. நாள் கிடைக்க ஏழு வாரம். அதற்குள் பவளப் பருவம் சூடுபிடித்து, ஷாத்லியின் இடத்தில் லம்ஜெத்தின் மச்சான் இறங்கத் தொடங்கியிருந்தான். மச்சானுக்குப் பவளத்துக்கும் பாறைப்பாசிக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஷாத்லி துறைமுகத்தில் எல்லோரிடமும் சொன்னான். யாரும் மறுக்கவில்லை, ஆனால் மச்சானைப் படகிலிருந்து யாரும் இறக்கியும் விடவில்லை.

*

துனிஸில் இதய டாக்டர் ரதியா ஒரு மெல்லிய பெண். பேச்சு வேகம். வேலை அதைவிட வேகம். ஆனாலும் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'ஸீ' போட மறக்கவில்லை.

"ஸீ ஷாத்லி, விஷயம் இதுதான். அம்மா வயித்துல இருக்கும்போது நமக்கு நுரையீரல் வேலை கிடையாது. அதனால இதயத்தோட மேலறை ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஒரு சின்னக் கதவு திறந்திருக்கும். ரத்தம் அது வழியாக் குறுக்க போயிரும். பொறந்ததும் அது சாத்திக்கணும். நாலு பேர்ல ஒருத்தருக்கு சாத்தும், ஆனா ஒட்டாது. அந்த ஆளுக்குப் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துட்டுப் போயிருவார்."

"எனக்கு அந்தக் கதவு இருக்குன்னு நினைக்கிறீங்களா?"

"அதைத்தான் பார்க்கப் போறோம். உங்க ரத்தத்துல வர்ற குமிழியை நுரையீரல் வடிகட்டிரும். அந்தக் கதவு திறந்தா குமிழி நுரையீரலுக்குப் போகாம நேரா இடது பக்கம் தாண்டி மூளைக்கும் தோலுக்கும் போகும்."

கையில் ஊசி போட்டார்கள். உப்புத் தண்ணீரையும் துளிக் காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளி, நுரைபொங்க அடித்து, ரத்தநாளத்துக்குள் ஏற்றினார்கள். நெஞ்சில் குளிர்ந்த களிம்பைத் தடவி ஒரு கருவியை அழுத்திக்கொண்டு டாக்டர் திரையைப் பார்த்தார். இதயத்தின் வலதுபக்கம், தெருவில் கல்யாண ஊர்வலம் நுழைந்ததுபோல, வெள்ளைப் புள்ளிகளால் நிறைந்தது.

"இப்ப ஊதுங்க. கடல்ல காது அடைச்சா எப்படி ஊதுவீங்களோ, அதே மாதிரி."

இதைவிடச் சுலபமான வேலையை யாரும் ஷாத்லியிடம் கொடுத்ததில்லை. இருபது வருடம். புதிதாக இறங்குகிறவன்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னம் வெடிக்க ஊதுவான். கைதேர்ந்த குளியாள் தாடையை லேசாக அசைப்பான், விரலை மூக்கில் வைத்து ஓர் இழை காற்றை மேலே அனுப்புவான், காது பூப்போலத் திறந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாது. ஷாத்லி அதைச் செய்தான், அதுவும் துறைமுகத்தில் பெருமையோடு பேசப்படும் அந்த நேர்த்தியோடு. மூன்று முறை செய்யச் சொன்னார்கள். மூன்று முறையும் செய்தான்.

ஊர்வலம் வலதுபக்கத்திலேயே நின்றது. இடதுபக்கம் ஒரு புள்ளிகூட வரவில்லை.

"சுவர் சுத்தமா இருக்கு," என்றார் டாக்டர். "கதவு கிதவு ஒண்ணும் இல்ல. நல்ல இதயம்." காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்: கடலில் இறங்கத் தடையில்லை.

வெளியே வராண்டாவில் ஷாத்லி மூன்று நிமிடம் சந்தோஷமாக இருந்தான். நான்காவது நிமிடத்தில் அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்பது உறைத்தது.

"நல்ல சேதிதானே?" என்றாள் நஸீஹா.

"ஆமா. ரொம்ப நல்ல சேதி. நான் திருடன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க."

*

ரைஸ் தையிப் அந்தக் காகிதத்தை ஒருமுறை படித்தார், மடித்தார், திருப்பிக் கொடுத்தார். "அப்ப உடம்பு நல்லாத்தான் இருக்கு. நாக்குதான் நல்லா இல்ல. என் படகுல வேண்டாம்."

"ரைஸ், இருபது வருஷம்!"

"அதனாலதான் கத்தாம சொல்றேன்."

லம்ஜெத் வலையைச் சுருட்டிக்கொண்டே, யாரிடமோ பேசுவதுபோலப் பேசினான். "எங்க அண்ணனோட இதயம் சுத்தமாம். எனக்கும் இதயம் சுத்தம்தான், ஆனா யாரும் எழுதித் தரமாட்டேங்கிறாங்க."

ஷாத்லி காகிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது வேறொரு வகையில் நல்ல சரக்கு என்பது அவனுக்குத் தெரியும். பிஸெர்ட் பக்கத்தில் ஒரு படகுக்காரன் ஆள் தேடிக்கொண்டிருந்தான். டாக்டர் கையெழுத்து இருந்தால் போதும், எதற்காக இந்தக் கரையை விட்டு வந்தாய் என்று கேட்கமாட்டான். அங்கே போனால் இந்தப் பருவத்தின் பாதியாவது கிடைக்கும். போகும் வழியில் மஹ்ரெஸ் டாக்டரிடம் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம் என்று ஷாத்லி முடிவு செய்தான். ஏழு வாரத்தைத் தின்ற யோசனை அவருடையதுதானே.

கிழவர் இரும்பு அறையின் கதவில் ரப்பர் வளையம் மாற்றிக்கொண்டிருந்தார். காகிதத்தைப் படித்தார். "எப்படி ஊதினே?"

"எப்படின்னா? ஊதினேன்."

"செஞ்சு காட்டு."

ஷாத்லி மூக்கில் விரலை வைத்தான், தாடையை அசைத்தான், முடித்தான்.

"ஊது," என்றார் கிழவர்.

"ஊதிட்டேன்."

கிழவர் கையிலிருந்த திருகியைக் கீழே வைத்தார். "அட மடையா! இது காதுக்கு ஊதறது. அந்தச் சோதனைக்கு இது எதுக்குடா?"

"டாக்டரம்மா கடல்ல ஊதற மாதிரின்னுதானே சொன்னாங்க!"

"அவங்க பார்த்த குளியாளுங்க எல்லாம் லீவுல வந்து இறங்கற வெள்ளைக்காரங்க. அவனுங்க முகம் தக்காளியாகிற வரைக்கும் ஊதுவானுங்க, நெஞ்சுல அழுத்தம் ஏறும். நீ என்னடான்னா பொண்ணு கன்னத்துல முத்தம் குடுக்கிற மாதிரி ஊதியிருக்கே. மூணு நாள் மலச்சிக்கல்ல உக்காந்தவன் முக்குவானே, அப்படி முக்கணும். பத்து வரைக்கும் எண்ணி, சட்டுனு விடணும். விடும்போதுதான் வலதுபக்கம் ரத்தம் குபுக்குனு பாயும், கதவை முட்டித் தள்ளும். நீ கதவைத் தட்டக்கூட இல்லையே. அது எப்படித் திறக்கும்?"

ஷாத்லிக்குத் தலை சூடேறியது. இருபது வருடம் பழகிப் பழகிச் சேர்த்த வித்தை. துறைமுகத்திலேயே மெல்லிய காது தன்னுடையது என்று பெருமை பேசியவன். கடைசியில் அந்தப் பெருமையே அவனைத் திருடனாக்கிவிட்டது.

"மறுபடி போ," என்றார் கிழவர்.

அதுதான் கஷ்டம். கையில் நல்ல கையெழுத்தோடு ஒரு காகிதம் இருக்கும்போது, தராசை இன்னொருமுறை சோதித்துப் பாருங்கள் என்று எந்த வியாபாரி போய் நிற்பான்? பிஸெர்ட் படகு தெருக்கோடியில் இருந்த துறையில் நின்றுகொண்டிருந்தது. பத்து நிமிட நடை. ஷாத்லி பாதிதூரம் நடக்கவும் செய்தான். ஒரு கடையில் முட்டையை மாவேட்டில் மடித்துப் பொரித்த பிரிக் வாங்கி, மஞ்சள் கரு வழிந்து கையெல்லாம் ஆக, சுவரோரமாக நின்று தின்றான். அந்த இடது கையைப் பார்த்தான். அன்று பாதி நாள் அது அவனுடையதாக இல்லை. அடுத்தமுறை எழுபது மீட்டரிலிருந்து ஏறும்போது அது எத்தனை நேரம் காணாமல் போகும்? அதைவிட, "நாக்குதான் நல்லா இல்ல" என்று ரைஸ் கத்தாமல் சொன்னது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கையைச் சுவரில் துடைத்துவிட்டு துனிஸ் போகும் பங்கு டாக்ஸியில் ஏறினான்.

*

டாக்டர் ரதியாவைச் சம்மதிக்க வைக்கவே அரைநாள் ஆனது. வரிசையில் இல்லாதவன், சோதனை முடிந்தவன், நல்ல இதயக்காரன். கதவருகே நின்று, போகிறபோதும் வருகிறபோதும் அவன் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "டாக்டர், நான் தப்பா ஊதிட்டேன்." கடைசியில் அவன் தொல்லை தாங்காமல் படுக்கச் சொன்னார்.

மறுபடி ஊசி, மறுபடி நுரை, மறுபடி வலதுபக்கம் ஊர்வலம்.

"இப்ப," என்றார் டாக்டர்.

ஷாத்லி முக்கினான். ரைஸை நினைத்து முக்கினான், களிம்பு எழுதிக்கொடுத்த தோல் டாக்டரை நினைத்து முக்கினான், லம்ஜெத்தின் மச்சானை நினைத்துக் கூடுதலாக முக்கினான். கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்தது. காதில் இரைச்சல். நர்ஸ் எண்ணினாள். பத்து என்றதும் விட்டான்.

திரையின் இடதுபக்கம் ஒரு கணம் கருப்பாகவே இருந்தது. அப்புறம் சுவரின் நடுவில் ஏதோ படபடத்தது. காற்றில் அசையும் திரைச்சீலைபோல ஒரு மெல்லிய ஏடு விலக, வெள்ளைப் புள்ளிகள் கூட்டமாக, முண்டியடித்து, மறுபக்கம் பாய்ந்தன. எண்ணவே முடியவில்லை.

"பாருங்க!" என்று ஷாத்லி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "பாருங்க டாக்டர்! நான் சொன்னேன்ல! ஓட்டை!"

"படுங்க, ஸீ ஷாத்லி. இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?"

"அது உங்களுக்குப் புரியாது."

டாக்டர் பழைய காகிதத்தை வாங்கிக் கிழித்தார். அவர் முகமும் நன்றாக இல்லை. "நான்தான் கவனிச்சிருக்கணும். முகம் சிவக்கவே இல்லையேன்னு பார்த்திருக்கணும்," என்றார். பிறகு விளக்கினார். கதவு பெரியது, ஏடு தளர்வானது. கரையில் வாழ்கிறவனுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. எப்போதாவது ஒரு சின்ன ரத்தக்கட்டி அந்த வழியாகத் தாண்டி மூளைக்குப் போய் வாதம் வரலாம். அது அபூர்வம். ஆனால் எழுபது மீட்டரில் இறங்குகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் குமிழி உண்டு. தங்கலை ஒழுங்காக முடித்தாலும் உண்டு. மற்றவனுக்கு அதை நுரையீரல் வடிகட்டும். இவன் சிலிண்டரைத் தூக்கிப் படகில் வைக்க ஒரு முக்கு முக்கினால் போதும், கதவு திறந்துவிடும்.

"அப்ப என்ன செய்யறது?"

"கடலை விடலாம். அதுதான் நல்ல வைத்தியம், மாத்திரையே வேண்டாம். இல்ல, ஆழத்தைக் குறைக்கலாம்."

ஆழத்தைக் குறைப்பது என்றதும் ஷாத்லியின் துணி வியாபாரி அப்பா அவனுக்குள்ளே கண்விழித்தார்.

"சரி டாக்டர். எழுபது வேண்டாம். அறுபது."

"பதினஞ்சு."

"பதினஞ்சு மீட்டர்ல பவளம் கிடையாது டாக்டர். அங்க சுற்றுலாக்காரங்க காலுதான் இருக்கும்."

"இருபது. நாளைக்கு ஒரு தடவை. தங்கல் தேவைப்படாத அளவுக்குக் கொஞ்ச நேரம்."

"ஐம்பத்தஞ்சு. உங்களுக்காக."

"எனக்காகவா? மூளை உங்களுது."

"ஐம்பது. இதுக்கு மேல குறைச்சா கடையைச் சாத்த வேண்டியதுதான்." சொல்லிவிட்டு எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவுவரை நடந்தான். சந்தையில் இந்த இடத்தில் எந்தக் கடைக்காரனும் கூப்பிடுவான். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு ஷாத்லி காத்திருந்தான்.

"அடுத்த ஆளை வரச்சொல்லுங்க," என்றார் டாக்டர் நர்ஸிடம்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். "மூணாவது வழி?"

மூன்றாவது வழி, கதவை அடைப்பது. நெஞ்சைப் பிளக்கவேண்டாம். தொடையிடுக்கு ரத்தநாளம் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை ஏற்றி, சின்னக் குடை இரண்டைச் சுவரின் இரண்டு பக்கமும் விரித்து, நடுவில் கதவை நசுக்கிப் பிடித்துவிடுவார்கள். சதை மெல்ல அதன்மேல் வளர்ந்து மூடும். ரத்தம் உறையாமலிருக்க ஆறுமாதம் மாத்திரை. சிலருக்கு இதயம் கொஞ்சநாள் தாளம் தப்பித் துடிக்கும், பெரும்பாலும் சரியாகிவிடும். பிறகு மறுபடி நுரை, மறுபடி முக்கல். ஒரு குமிழிகூடத் தாண்டாவிட்டால் கடல்.

"ஒண்ணு ரெண்டு தாண்டினா?"

"இன்னும் ஆறுமாசம்."

"அறுவைக்கு எப்ப நாள்?"

"அக்டோபர்ல ஒரு இடம் இருக்கு."

இந்தப் பருவம் போயிற்று. அடுத்த பருவத்தின் தொடக்கமும் போயிற்று. ஷாத்லி மனசுக்குள் எந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தாலும் துணி நீளவில்லை. "எழுதுங்க," என்றான். "ஆனா அந்தக் காகிதத்துல பெருசா எழுதுங்க. தூரத்துல நின்னு படிக்கிற மாதிரி."

*

மறுநாள் காலை படகு கிளம்புவதற்கு முன் துறைமுகத்துக்குப் போனான். ரைஸ் தையிப் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். இந்தமுறை இரண்டு தடவை.

"ஆகவே தங்கலை ஒழுங்காக முடித்தாலும் இந்த நோய் வரலாம், அப்படின்னு போட்டிருக்கு," என்றார்.

"ஆமா ரைஸ். அதைத்தான் நானும் மூணு மாசமா சொல்றேன்."

"வரலாம்னுதான் போட்டிருக்கு. நீ முடிச்சேன்னு போடலையே."

ஷாத்லி காகிதத்தை எட்டி வாங்கப் போனான். ரைஸ் விடவில்லை.

"உனக்கு ஓட்டை இருக்கு. ஒத்துக்கிறேன். ஓட்டை இருக்கிறவன் திருட மாட்டானா? ஓட்டையும் இருக்கலாம், கம்ப்யூட்டரையும் கட்டித் தொங்கவிட்டிருக்கலாம். இந்தக் காகிதம் உன் இதயத்தைப் பார்த்திருக்கு. கயித்தைப் பார்க்கலையே."

"ரைஸ், இதுக்காக நான் ரெண்டு தடவை ஊசி குத்திக்கிட்டேன்! நல்ல காகிதத்தைக் கிழிக்கச் சொல்லி நானே போய் நின்னேன்! திருடன் எவனாவது அதைச் செய்வானா?"

ரைஸ் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "கெட்டிக்காரத் திருடன் செய்வான்," என்றார் கடைசியில். "ஓட்டையை அடைச்சிட்டு வா. அப்புறம் பார்க்கலாம். அடைச்சப்புறம் மாத்திரையை மறக்காம சாப்பிடு." காகிதத்தை மரியாதையாக மடித்து அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு டீசல் பார்க்கப் போனார்.

ஷாத்லி ஐஸ் கொட்டகைப் பக்கமாக நடந்தான். எதையாவது உதைக்கவேண்டும்போல இருந்தது. உதைக்கத்தக்கதாக ஒரு மீன்பெட்டிகூட அகப்படவில்லை. பின்னால் காலடிச் சத்தம். லம்ஜெத்.

"அண்ணே, ஒரு நிமிஷம்."

"என்ன? இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா? சொல்லு, சொல்லிட்டுப் போ."

லம்ஜெத் சுற்றிலும் பார்த்துவிட்டு, கொட்டகைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, சட்டையைத் தூக்கினான். விலாவின் மேல் நீலமும் சிவப்புமாகப் பளிங்குக்கல் கோலம், ஓரங்கள் வெளிறத் தொடங்கியிருந்தது.

"நேத்து. மார்ச்சுல ஒரு தடவை வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல. கண்ணு கொஞ்சம் மங்குச்சு, அப்புறம் சரியாயிருச்சு." குரல் இறங்கியது. "அண்ணே, சத்தியமா நான் தங்கல் எல்லாம் முடிச்சேன். எங்கயும் எதையும் கட்டல."

மூன்று மாதமாக ஷாத்லி இப்படி ஒரு கணத்துக்காகப் பேச்சுகளைத் தயார்செய்து வைத்திருந்தான். தரமான பேச்சுகள். இப்போது அத்தனையும் நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன. அவற்றை விழுங்கிக்கொண்டு லம்ஜெத்தின் முகத்தைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவனுக்கே பிடிக்காத ஒன்று தெரிந்தது. லம்ஜெத்தை அவன் நம்பவில்லை. துறைமுகத்திலேயே கயிற்று வித்தையில் பேர்போனவன் இவன். ஒருவேளை உண்மையாக இருக்கலாம். ஒருவேளை வழக்கமான பொய்யாக இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? ரைஸ் நின்ற இடத்தில் இப்போது அவன் நின்றுகொண்டிருந்தான். அங்கேயிருந்து பார்த்தால் உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லை.

"இன்னிக்கு இறங்காதே," என்றான். "நேரா பிஸெர்ட்டுக்குப் போ. மஹ்ரெஸ் டாக்டர்கிட்ட காட்டு. அப்புறம் துனிஸ். நம்பர் எழுதித் தர்றேன். அங்க ஊதச் சொல்லுவாங்க. ஊது பார்ப்போம்."

லம்ஜெத் மூக்கில் விரலை வைத்து, தாடையை அழகாக அசைத்தான்.

"நாசமாப் போச்சு. இப்படி ஊதினா உன்னையும் சுத்தம்னு எழுதி அனுப்பிருவாங்க. உக்காரு. வயித்தை இறுக்கு. மலச்சிக்கல்னு நினைச்சுக்கோ. நான் எண்ணறேன். ஒண்ணு... ரெண்டு..."

ஐந்தில் லம்ஜெத்தின் முகம் பீட்ரூட் நிறமாகிவிட்டது. ஆறில் கொட்டகை முனையில் ரைஸ் தையிப் வந்து நின்றார்.

"என்னய்யா நடக்குது இங்க? கிளம்பணும்."

லம்ஜெத் மூச்சைவிட்டு, ஒரே அசைவில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒண்ணுமில்ல ரைஸ். விக்கல். எனக்கு இன்னிக்கு வயிறு சரியில்ல, நான் வரல."

ரைஸ் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஷாத்லியின் கை லம்ஜெத்தின் சட்டை ஓரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு இழுப்பு போதும். ஒரே படகில் இரண்டு குளியாள், இரண்டு பேருக்கும் ஒரே கோலம். தன் பேச்சு பொய்யில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி இனிக் கிடைக்காது.

ஆனால் எந்தக் கடையில் என்ன விலை போகும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தச் சட்டையைத் தூக்கினால் ரைஸ் ஒரு யோக்கியனைக் கண்டுபிடிக்கமாட்டார், இரண்டாவது திருடனைத்தான் கண்டுபிடிப்பார். ஷாத்லி கையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"ஆமா ரைஸ், விக்கல்தான்," என்றான்.

ரைஸ் முணுமுணுத்துக்கொண்டே போனார். லம்ஜெத் எண் எழுதிய தாளை வாங்கி, நன்றி சொல்ல வாயெடுத்து, அது பழக்கமில்லாத வேலை என்பதால் விட்டுவிட்டு, பங்கு டாக்ஸி நிற்கும் பக்கம் வேகமாக நடந்தான்.

"டேய்!" என்று ஷாத்லி கத்தினான். "முழுசா பத்து எண்ணணும்! ஆறுல விட்டா செல்லாது!"